நிப்பைத் தேய்க்கக் கொடுப்பதானால் பிராட் வாங்குங்கள்

ஃபவுண்டன் பேனாவின் நிப்பை ஸ்டப்பாகவோ (ஓரம் மழுங்கிய பட்டை முனை) இட்டாலிக்காகவோ (ஓரம் கூரான பட்டை முனை) தேய்த்து வாங்கும் எண்ணம் இருந்தால், பேனா வாங்கும்போதே பிராட் நிப்பாக, அதாவது தடித்த கோடு விழும் நிப்பாகப் பார்த்து வாங்குங்கள். மெல்லிய கோடு விழும் ஃபைன் நிப்பை வாங்கிவிட்டு, அப்புறம் இன்னொரு நிப்புக்குக் காசு போட வேண்டியிருக்காது.

நிப்பின் முனையில் உள்ள கடினமான உலோக மணியைத் தேய்த்துத்தான் வடிவம் கொண்டுவருகிறார்கள். எவ்வளவு கைதேர்ந்தவரானாலும் தேய்த்துக் குறைக்கத்தான் முடியும். புது மணி பற்றவைப்பது தனி வேலை, செலவும் அதிகம். பிராடில் அகலம் இருப்பதால்தான், தேய்த்த பிறகு நெடுக்குக் கோடு பட்டையாகவும் கிடைக்கோடு மெல்லிசாகவும் விழுகிறது.

ஊட்டியிலிருந்தோ கொடைக்கானலிலிருந்தோ கூரியரில் அனுப்புகிறவர்கள் பேனாவைக் கழுவிக் காலியாக அனுப்புங்கள். வழக்கமான தாளில், வழக்கமான மையில் நாலு வரி எழுதிக் கூடவே வையுங்கள். வேலை முடிந்ததும் காலியாகவே திருப்பி அனுப்பச் சொல்லுங்கள், இது முக்கியம். ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. மலையேற ஏற வெளியே காற்றழுத்தம் குறையும். பாதி மை உள்ள பேனாவுக்குள் இருக்கும் காற்று விரிந்து மையை மூடிக்குள் தள்ளிவிடும்.

ஊசிமுனை மாதிரி மெல்லிய எழுத்து வேண்டுமென்றால் ஃபைனே போதும். பொடி எழுத்துக்காரர்களுக்கும் பட்டை நிப் சரிவராது, ஐ, ஞ, ஜ எல்லாவற்றிலும் சுழி அடைத்துக்கொள்ளும். தனி மணி இல்லாமல் தகட்டையே மடித்துச் செய்த மலிவு நிப்பைத் தேய்க்கக் கொடுப்பது வீண். லாமி சஃபாரி பேனா வைத்திருப்பவர்களுக்கு 1.1 மி.மீ. பட்டை நிப்பே தனியாகக் கிடைக்கிறது, கழற்றி மாட்டிக்கொள்ளலாம்.