டிரெய்லரில் பொக்லைன் ஏற்றும்போது

20 டன் பொக்லைன் தன் எடையிலேயே அசையாமல் நிற்கும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சடன் பிரேக் அடித்தால் எடையில் 80% வரை, அதாவது 16 டன் விசை, டிரைவர் கேபினை நோக்கித் தள்ளும். இரும்புத் தளத்தில் இரும்பு வழுக்கும்; மழையில் கேட்கவே வேண்டாம். சேற்றைச் சுரண்டிவிட்டு மரப்பலகை போட்டு ஏற்றுங்கள். பக்கெட்டைத் தளத்தில் பதிய இறக்கி, சுழலும் பகுதியைப் பூட்டுங்கள். நாலு மூலைக்கும் தனித்தனிச் சங்கிலி, பக்கெட்டுக்கு ஒன்று. முன்னிரண்டு முன்பக்கமாகவும் பின்னிரண்டு பின்பக்கமாகவும் இழுக்க வேண்டும். கயிறு வேண்டவே வேண்டாம். ஹைட்ராலிக் ஹோஸ் (அழுத்த எண்ணெய் ஓடும் குழாய்) மேல் சங்கிலி படக்கூடாது. புறப்பட்டு 20, 30 கிலோமீட்டரில் நிறுத்தி (டீக்கடை நல்ல சாக்கு) ஒவ்வொரு சங்கிலியையும் இழுத்துப் பாருங்கள். குலுக்கலில் ஏதாவது ஒன்று தளர்ந்திருக்கும்.