ரத்தத்தில் அமிலம் ஏறும்போது செய்யக்கூடாத தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் பால்மரம் (ரப்பர்) வெட்டிய தலைமுறைக்கு ஒன்று நன்றாகத் தெரியும். வாளிப் பாலில் அமோனியா விட்டால் உறையாமல் நிற்கும். பார்மிக் அமிலம் ஊற்றினால் கட்டியாகிவிடும். ரத்தம் அப்படி உறைவதில்லை. ஆனால் அதற்கும் அளவு உண்டு: பிஎச் (அமில-கார அளவு, எண் குறைந்தால் அமிலம் கூடுதல்) 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில். 6.8-க்குக் கீழே இறங்கினால் ஆள் பிழைப்பது அரிது.

இந்த அளவைக் காப்பவை மூன்று. ரத்தத்திலேயே இருக்கும் பைகார்பனேட் என்ற காரப்பொருள் அமிலத்தை நொடியில் பிடித்துக்கொள்ளும். நுரையீரல் சில நிமிடங்களில் மூச்சை வேகமாக்கிக் கரியமில வாயுவை வெளியே தள்ளும். சிறுநீரகம் மிச்ச அமிலத்தைச் சிறுநீரில் கழித்து, செலவான பைகார்பனேட்டை மீண்டும் உண்டாக்கும். அது முழு வேகம் பிடிக்க மூன்று முதல் ஐந்து நாளாகும். அவசரத்தில் நம் கண்ணுக்குத் தெரிகிற ஒரே அடையாளம் மூச்சுதான். பெரும்பாலான தவறுகள் அதைப் பார்க்காமல் வேறு எதையோ பார்ப்பதால் வருகின்றன.

புளித்த ஏப்பம் வந்தால் "உடம்பு முழுக்க அமிலம்" என்று முடிவுகட்டுவது முதல் தவறு. இரைப்பையில் அமிலம் இருக்கத்தான் வேண்டும். அங்கே பிஎச் 2-ஐ ஒட்டியே இருக்கும். பாசார் மாலாமில் விற்கும் காரத் தண்ணீர் அந்த அமிலத்தில் விழுந்ததுமே காரம் இழந்துவிடும், பணம் மட்டும் போகும். சிறுநீரைப் பட்டையில் நனைத்து நிறம் பார்ப்பதும் வீண்: சிறுநீரின் பிஎச் 4.5-லிருந்து 8 வரை போய்வருவது சிறுநீரகம் வேலை செய்வதன் அடையாளம், ரத்தத்தின் நிலவரம் அல்ல. ஆப்ப சோடாவை வெந்நீரில் கலக்கிக் குடிப்பவர்கள் கவனிக்க: ஒரு தேக்கரண்டியில் சுமார் 1.3 கிராம் சோடியம் இருக்கிறது. இரத்தக் கொதிப்பும் இதய நோயும் உள்ளவருக்கு அது ஆபத்து. சிறுநீரக நோயாளிக்கு டாக்டர் எழுதித் தரும் பைகார்பனேட் மாத்திரை வேறு சங்கதி. அது ரத்தப் பரிசோதனை பார்த்துத் தரும் அளவு.

இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ள வீட்டில் நடக்கும் தவறுதான் உயிரை வாங்குவது. இரண்டு நாள் காய்ச்சல், வாந்தி. "சாப்பிடவே இல்லையே, இன்சுலின் எதற்கு" என்று ஊசியை நிறுத்திவிடுவார்கள். இன்சுலின் இல்லாத உடம்பு கொழுப்பை எரிக்கும், கீட்டோன் அமிலம் சேரும். அதைத் தள்ள மூச்சு ஆழமாகவும் வேகமாகவும், ஓடி வந்தவன் மூச்சுபோல, நிற்காமல் போகும். வாயில் அழுகின பழ வாடை. வீட்டார் இதை இழுப்பு (ஆஸ்துமா) என்று நினைத்து மூச்சு மருந்து பம்பை அடித்துக்கொண்டிருப்பார்கள். இழுப்பில் மூச்சை வெளிவிடத் திணறுவார்கள், விசில் கேட்கும். இதில் காற்று தடையின்றிப் போய்வரும், ஆனாலும் வேகம் குறையாது. இன்சுலினைத் தானாக நிறுத்தக்கூடாது. ஆனால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் இருக்கும் நாட்களில் மெட்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரையையும், எம்பாகிலிஃப்ளோசின், டாபாகிலிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளையும் நிறுத்திவைக்க வேண்டி வரும். கிளினிக்குக்குப் போன் செய்து கேளுங்கள். பிந்தைய இரண்டில் ஒரு சூழ்ச்சி உண்டு: சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரியும்போதே கீட்டோன் ஏறியிருக்கும். மீட்டர் எண்ணை மட்டும் நம்பினால் ஏமாறுவோம்.

வயிற்றுப்போக்கில் பைகார்பனேட் போகும், ரத்தம் அமிலமாகும். ஓயாத வாந்தியில் இரைப்பை அமிலம் போகும், ரத்தம் காரமாகும், பொட்டாசியமும் குறையும். இரண்டுக்கும் ஹன்ட்ரட் பிளஸ் வாங்கிக் கொடுப்பது நம் பழக்கம். அது வியர்வைக்கு ஏற்ற பானம், வயிற்றுப்போக்குக்குத் தேவையான அளவு சோடியம் அதில் இல்லை. ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பாக்கெட்டே சரி. அதையும் பாதித் தண்ணீரில் கெட்டியாகக் கலக்கிவிடுகிறார்கள். உறையில் எத்தனை மில்லி போட்டிருக்கிறதோ அத்தனை, கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம். பாக்கெட் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தத் தண்ணீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு.

படபடப்பு என்று நினைத்து, வேகமாக மூச்சு விடுபவரின் வாயில் காகிதப் பை வைக்காதீர்கள். உள்ளே அமிலம் ஏறியதால்தான் அந்த மூச்சு என்றால், தப்பிக்கும் ஒரே வழியையும் அடைத்ததாகிவிடும்.

கடைசியாக சம்சு, அதாவது மலிவு சாராயம். கலப்பட சாராயத்தில் இருக்கும் மெத்தனாலைக் கல்லீரல் பார்மிக் அமிலமாக மாற்றுகிறது; பாலை உறையவைக்க ஊற்றினோமே, அதே அமிலம். அது கண் நரம்பைத் தின்னும், ரத்தத்தின் பிஎச்சைக் கீழே இழுக்கும். 2018 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் பலரைக் கொன்றது இதுதான். இங்கே செய்யும் தவறு, போதை என்று நினைத்துத் தூங்க விடுவது. மெத்தனாலின் வேலை பெரும்பாலும் அரை நாள், ஒரு நாள் கழித்தே வெளிப்படும், போதை தெளிந்த பிறகும். கண் மங்கல், பனிமூட்டம்போலப் பார்வை, வயிற்று வலி, வேக மூச்சு. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 999-க்கு அழையுங்கள். டயாலிசிஸ் உள்ள மருத்துவமனை தேவைப்படும். மீதி பாட்டிலைக் கொட்டிவிடாமல் கையோடு கொண்டுபோங்கள், கூடக் குடித்தவர்கள் யார் யார் என்றும் டாக்டரிடம் சொல்லுங்கள்.