10 நிமிடம் மட்டும்

அப்பா போன பிறகு 40 நாள் நான் ஓடவே இல்லை. காலை 5 மணிக்கு அலாரம் அடிக்கும். அணைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன். மெரினாவில் உழைப்பாளர் சிலையிலிருந்து கலங்கரை விளக்கம் வரை போய்த் திரும்புவது என் வழக்கம். அந்தத் தூரத்தை நினைத்தாலே மலைப்பாக இருந்தது.

சரி, தூரத்தை மறந்துவிடலாம் என்று முடிவு செய்தேன். 10 நிமிடம் மட்டும். அப்புறமும் மனம் வரவில்லை என்றால் வீடு. ஷூவை இரவே வாசலில் எடுத்து வைத்தேன். முதல் நாள் லேஸ் கட்டும்போதே அழுகை வந்தது. அடிப்பாகத்தில் பழைய மணல் ஒட்டியிருந்தது. அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று காலை ஓடியபோது ஒட்டிய மணல். தட்டிவிட மனமில்லாமல் அப்படியே மாட்டிக்கொண்டேன்.

2 நிமிட ஓட்டம், 1 நிமிட நடை என்று மாற்றி மாற்றிப் போனேன். திணறாமல் பேச முடிகிற வேகம். ஓய்ந்து கிடந்த உடம்புக்கு அதுதான் சரி. சில நாள் பத்தாவது நிமிடத்திலேயே திரும்பினேன். அதையும் அப்பா தினமும் கிழிக்கும் காலண்டர் தாளில் குறித்து வைத்தேன்.

ஆறாவது வாரம் கலங்கரை விளக்கம் வரை ஓடினேன். கடலைப் பார்த்து நின்று, அப்பாவிடம் கொஞ்ச நேரம் பேசிவிட்டுத் திரும்பினேன்.