பாத்ரூமைப் புதுப்பிக்கும்போது பிளம்பிங் எஸ்டிமேட்டில் நாம் செய்யும் தவறுகள்

மதுரையில் எங்கள் வீட்டு பாத்ரூமைப் போன வருடம் முழுசாக இடித்துப் புதுப்பித்தோம். 1994-ல் கட்டிய வீடு. சுவரை உடைத்துப் பழைய ஜிஐ பைப்பை (துத்தநாகம் பூசிய இரும்புப் பைப்) வெளியே எடுத்தபோது, பிளம்பர் அதில் ஒரு துண்டை அறுத்து என் கையில் கொடுத்தார். முக்கால் இன்ச் பைப். உள்ளே துருவும் உப்பும் படிந்து, ஒரு பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி மிஞ்சியிருந்தது. எங்கள் எஸ்டிமேட்டில் அந்தப் பைப்புக்கு ஒரு ரூபாய்கூட ஒதுக்கவில்லை. தண்ணீர் வந்துகொண்டுதானே இருக்கிறது, குழாயும் டைல்ஸும் மாற்றினால் போதும் என்று நினைத்திருந்தோம்.

பெரும்பாலான வீடுகளில் கணக்கு உதைப்பது இங்கேதான். கடையில் பார்த்து ஆசைப்பட்ட ஷவருக்கும் பேசினுக்கும் விலை தெரியும். சுவருக்குள்ளும் தரைக்குள்ளும் இருப்பதற்குத் தெரியாது. வீடு 20 வருடத்துக்கு மேல் பழையது, லைன் ஜிஐ என்றால், மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் பைப்பையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். பாத்ரூமுக்குள் மட்டும் புதுசு போட்டால், மேலேயிருந்து வரும் துருத்தூள் புது மிக்சரை (வெந்நீரையும் குளிர்ந்த நீரையும் கலந்து தரும் குழாய்) அடைத்துவிடும். எஸ்டிமேட் வாங்கும் முன்பே ஓரிடத்தில் டைல்ஸை உடைத்துப் பைப்பைப் பார்த்துவிடச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை.

புது லைனுக்கு வெந்நீர்ப் பக்கம் சிபிவிசி போன்ற சூடு தாங்கும் பைப்தான் போட வேண்டும். சிபிவிசி என்ற பிளாஸ்டிக் பைப் 93 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். காசு மிச்சமாகும் என்று யுபிவிசி பைப்பையே கெய்சர் லைனுக்கும் ஓட்டிவிடுகிறவர்கள் உண்டு. அது குளிர்ந்த நீருக்கானது, சூட்டில் இளகிவிடும். எஸ்டிமேட்டில் 'பைப்' என்று மட்டும் இருந்தால் எந்த லைனுக்கு என்ன பைப், என்ன சைஸ் என்று எழுதி வாங்குங்கள்.

அடுத்தது பாயிண்ட் கணக்கு. குழாயோ கெய்சரோ மாட்டுவதற்காகத் தண்ணீர் லைன் வந்து முடியும் ஒவ்வொரு இடமும் ஒரு பாயிண்ட். 'ஒரு பாத்ரூமுக்கு இவ்வளவு' என்று மொத்தமாகப் பேசுவது எளிதாகத் தெரியும், ஆனால் பிறகு வரும் மனஸ்தாபமெல்லாம் அதிலிருந்துதான். ஒரு தாளை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் நின்று எண்ணுங்கள். வால் மிக்சருக்கு 2, மேலே ஷவருக்கு 1, கெய்சருக்கு 2, வாஷ்பேசினில் வெந்நீரும் வேண்டுமென்றால் 2, ஃப்ளஷ் டேங்குக்கு 1, ஹெல்த் ஃபாசெட்டுக்கு 1, வாஷிங் மெஷினுக்கு 1. ஆக 10 பாயிண்ட். இதில் கெய்சர், பேசின், ஃப்ளஷ் டேங்க், ஹெல்த் ஃபாசெட் ஆகியவற்றுக்கு ஆங்கிள் காக் (தண்ணீரை அடைக்கும் சின்ன வால்வு) மட்டுமே 6 வேண்டும். பிராஸ் எல்போ, கனெக்‌ஷன் பைப், வேஸ்ட் கப்ளிங், பாட்டில் ட்ராப் என்று சின்னச் சின்னச் சாமான்கள் தனி. இவற்றை யாரும் எழுதுவதில்லை, ஆனால் பில்லில் வந்து நிற்கும்.

கூலி பேசும்போது இன்னொன்றையும் கேளுங்கள். பிளம்பர் இரண்டு கட்டமாக வருவார்: டைல்ஸுக்கு முன்னால் லைன் போட, டைல்ஸ் முடிந்ததும் ஃபிட்டிங்ஸ் மாட்ட. சொன்ன கூலி இரண்டுக்கும் சேர்த்தா? சுவரில் காடி வெட்டுவது யார் வேலை? கழிவுநீர் லைன் அதில் அடக்கமா? உடைத்த குப்பையை மூட்டை கட்டிக் கீழே இறக்குவது யார்? எங்களுக்கு அந்தக் கடைசிக் கேள்விதான் விட்டுப்போனது. மாடியிலிருந்து மூட்டை இறக்கத் தனியாக இரண்டு ஆள் கூலி கொடுத்தோம்.

வெஸ்டர்ன் க்ளோசெட் விஷயத்தில் என் மச்சினர் பட்டது யாருக்கும் வர வேண்டாம். தள்ளுபடியில் கிடைக்கிறதென்று வேலை தொடங்கும் முன்பே வாங்கி வைத்துவிட்டார். தரையில் கழிவு இறங்கும் எஸ் ட்ராப் மாடல். அதில் சுவரிலிருந்து ஓட்டையின் நடு வரைக்கும் உள்ள தூரம்தான் முக்கியம். 4, 9, 12 இன்ச் என்று பல அளவுகளில் க்ளோசெட் வருகிறது. அவர் வாங்கியது 12, தரையில் இருந்தது 9. பின்பக்கம் சுவரில் இடித்தது, உட்காரவே இல்லை. ஃபிளாட் வேறு. தரையை உடைத்து, கழிவு ஓட்டையை நகர்த்தி, வாட்டர்ப்ரூஃபிங்கை மறுபடி செய்து, கீழ் வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு... தள்ளுபடியைப் போல எத்தனையோ மடங்கு போனது. அளக்கும்போது புது டைல்ஸ் ஒட்டியபின் சுவர் எங்கே நிற்குமோ அங்கிருந்து அளக்க வேண்டும். டைல்ஸும் சிமெண்ட்டும் சேர்ந்து ஒரு இன்ச் வரை முன்னால் வந்துவிடும்.

க்ளோசெட்டை வேறு மூலைக்கு மாற்றும் ஆசை இருந்தால், 110 மில்லிமீட்டர் கழிவுப் பைப்புக்கு வாட்டம் (சரிவு) கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். 40-க்கு 1 என்று வைத்தால் 2 மீட்டர் நகர்த்த 5 சென்டிமீட்டர் இறக்கம் வேண்டும். தரைக்குள் அந்த ஆழம் இல்லையென்றால் க்ளோசெட்டைப் பழைய இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

ஷவர் வாங்கும் முன் தண்ணீர் அழுத்தத்தைப் பாருங்கள். 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கிடைக்கும். மேல்மாடி பாத்ரூமில் ஷவருக்கும் மொட்டைமாடித் தொட்டிக்கும் இடையே இருப்பதே 2 மீட்டர்தான், அதாவது 0.2 பார். பெரிய ரெயின் ஷவர் அதில் சொட்டத்தான் செய்யும். பிரஷர் பம்ப் வைக்கலாம், ஆனால் பம்ப் விலையோடு கரண்ட் பாயிண்ட்டும் சேரும். பழைய ஜிஐ லைன் அந்த அழுத்தத்தில் கசியவும் ஆரம்பிக்கலாம்.

கடைக்காரர் தரும் கொட்டேஷனில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், பழைய வீடென்றால் மொத்தத்தில் 15 சதவீதமாவது கையிருப்பாகத் தனியே வையுங்கள். 10 போதாது என்பது என் அனுபவம்.

எந்த எஸ்டிமேட்டிலும் கடைசியாக எழுதப்படுவதும் முதலில் வெட்டப்படுவதும் பிரஷர் டெஸ்ட்தான். அதை விட்டுவிடாதீர்கள். கைப்பம்பால் லைனில் அழுத்தம் ஏற்றி ராத்திரி முழுக்க அப்படியே விட வேண்டும். எங்கள் வீட்டில் காலையில் போய்ப் பார்த்தபோது அழுத்தமானியின் முள் பாதிக்கு இறங்கியிருந்தது. பேசின் பக்கத்து எல்போ ஒன்றில் பசை தடவ மறந்திருந்தார்கள். பிளம்பர் அதை வெட்டி மாற்ற இருபது நிமிடம் ஆனது. மறுபடி டெஸ்ட் வைத்தோம், முள் அசையவில்லை. அளவு டேப்பைச் சுவரோடு பிடித்து எல்லாப் பைப்பையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அதற்கப்புறம்தான் டைல்ஸ்காரருக்குப் போன் போட்டோம்.