இரட்டைப் பொத்தான் ஃப்ளஷ் டேங்க் ஒழுகுகிறதா? பிரிக்கும் முன் ஒரு பென்சில் கோடு

யாரும் தொடாமலேயே டேங்க் அவ்வப்போது ‘ஸ்ஸ்’ என்று நிரம்பிக்கொள்கிறதா? ஃப்ளஷ் செய்து வெகுநேரம் ஆன பிறகும் கோப்பையின் பின்சுவரில் தண்ணீர் மெல்லிய கோடாக இறங்குகிறதா? உடனே உள்ளே இருக்கும் மொத்த செட்டையும் வாங்கிவிடாதீர்கள். எந்த வழியாக ஒழுகுகிறது என்று தெரிந்துகொண்டால் பெரும்பாலும் ஒரு வாஷரோடு வேலை முடிந்துவிடும். சில சமயம் அதுகூட வேண்டியிருக்காது.

உள்ளே இருப்பவை இரண்டு பாகங்கள்தான். ஓரத்தில் மிதவையோடு இருப்பது தண்ணீரை உள்ளே விடும் இன்லெட் வால்வு. நடுவில் கோபுரம்போல் நிற்பது அவுட்லெட் வால்வு. இதன் காலடியில் ஒரு வட்ட வாஷர் இருக்கும். நடுவே ஓடும் குழாய்தான் ஓவர்ஃப்ளோ. அதன் மேல்வாய் எப்போதும் திறந்திருக்கும், மட்டம் ஏறினால் தண்ணீர் அதன் வழியே கோப்பைக்குப் போய்விடும். ஆக, கோப்பைக்குள் தண்ணீர் கசிய முக்கிய வழி இரண்டு: வாஷரின் அடியில், அல்லது ஓவர்ஃப்ளோவின் வாயில்.

1. பென்சில் கோடு

டேங்க் முழுதாக நிரம்பியதும் மூடியைக் கழற்றி, தண்ணீர் நிற்கும் மட்டத்தில் உள்சுவரில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். டேங்குக்குத் தண்ணீர் வரும் குழாயில், சுவரோரம் இருக்கும் ஆங்கிள் வால்வை மூடிவிட்டு ஒரு மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். பிறகு மட்டத்தைப் பாருங்கள்.

மட்டம் கோட்டைவிட்டு இறங்கிக்கொண்டே போனால் குற்றவாளி அடி வாஷர். கொஞ்சம் இறங்கி ஓர் இடத்தில் அப்படியே நின்றுவிட்டால், அந்த உயரத்தில் கோபுரத்தில் விரிசல் இருக்கிறது. வாஷர் மாற்றிப் பயனில்லை, கோபுரத்தையே மாற்ற வேண்டும். மட்டம் கோட்டிலேயே நின்று, ஆங்கிள் வால்வைத் திறந்ததும் கசிவு மறுபடி தொடங்கினால் இன்லெட் வால்வு முழுதாக மூடவில்லை என்று அர்த்தம்.

கசிவு இருக்கிறதா என்பதே சந்தேகமாக இருந்தால் டேங்கில் உணவு நிறமியைச் சில சொட்டு விட்டு 20 நிமிடம் காத்திருங்கள். கோப்பையில் நிறம் தெரிந்தால் கசிவு உறுதி.

2. மூடியையும் பொத்தானையும் கழற்றுவது

பொத்தானைச் சுற்றியுள்ள வளையத்தை இடப்பக்கமாகத் திருகினால் பல மாடல்களில் மூடி விடுபடும். சிலவற்றில் ஒரு பொத்தானை முழுக்க அழுத்தினால் மற்றதை விரலால் தூக்கலாம், அதன் கீழே திருகு இருக்கும். பொத்தானோடு கேபிள் இணைந்திருந்தால் மூடியை வெடுக்கென்று இழுக்காதீர்கள், கொக்கியை முதலில் விடுவியுங்கள். பீங்கான் மூடியைத் தரையில் துண்டு விரித்துப் படுக்க வையுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் அது சறுக்கி விழுவதற்கு ஒரு கால் தட்டினால் போதும்.

3. பலரும் தவறவிடும் இடம்: பொத்தான் கம்பிகள்

மூடி இல்லாதபோது ஒரு சொட்டுகூட ஒழுகாது. மூடியைப் பொருத்தியதும் ஒழுக ஆரம்பிக்கும். புது வாஷர் போட்டும் நிலைமை மாறாது. இந்தப் புதிருக்கு விடை, பொத்தானின் அடியிலிருந்து இறங்கும் இரண்டு பிளாஸ்டிக் கம்பிகள். அவை தேவைக்கு மேல் நீளமாக இருந்தால், மூடி உட்கார்ந்தவுடன் கோபுரத்தின் தலையை எந்நேரமும் லேசாக அழுத்திக்கொண்டே இருக்கும். வாஷர் தன் இருக்கையில் முழுதாகப் படியாது. மயிரிழை அளவு இடைவெளி போதும், இரவு முழுக்க ஒழுகும்.

கம்பிகள் திருகு மரை உள்ளவை. கையால் திருகி உயரத்தைக் குறையுங்கள். பொத்தானை அழுத்தாத நிலையில் கம்பியின் நுனிக்கும் கோபுரத்தின் தலைக்கும் நடுவே 2 முதல் 3 மி.மீ. இடைவெளி வேண்டும். இதைவிடக் கூடினால் பொத்தானை அழுத்தியும் வால்வு சரியாகத் தூக்காது. மூடியைப் பொருத்திய பிறகு இரண்டு பொத்தான்களையும் தனித்தனியே அழுத்திப் பாருங்கள். விரல் பட்டதும் ஒரு சிறு ஆட்டம், அதன் பிறகே எதிர்ப்பு. அப்படி இருந்தால் அளவு சரி.

பென்சில் சோதனையையும் இதனால்தான் இரண்டு முறை செய்யச் சொல்வேன்: மூடியோடு ஒன்று, மூடி இல்லாமல் ஒன்று. மூடியோடு மட்டும் ஒழுகினால் கம்பிதான் காரணம், கடைக்கே போக வேண்டாம்.

4. அடி வாஷர்

ஆங்கிள் வால்வை மூடி, ஃப்ளஷ் செய்து, மிச்சத்தை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். கோபுரத்தை இரு கையாலும் பிடித்து இடப்பக்கம் கால் சுற்றுத் திருப்பினால் அடித்தட்டிலிருந்து பூட்டு விடும், அப்படியே மேலே தூக்கலாம். திரும்பவில்லை என்றால் பலத்தைக் காட்டாதீர்கள், சில மாடல்களில் பக்கவாட்டில் இரண்டு கொக்கிகளை அமுக்க வேண்டும். உப்புப் படிந்து இறுகியிருந்தால் அடியில் கொஞ்சம் வினிகர் ஊற்றி அரை மணி ஊற விடுங்கள்.

வாஷரை உருவி எடுத்துக் கழுவி விரலால் தடவிப் பாருங்கள். ஓரம் அலை அலையாக நெளிந்திருந்தாலோ, இருக்கையின் தடம் ஆழமாகப் பதிந்திருந்தாலோ, கறுப்பு கையில் ஒட்டினாலோ மாற்றுங்கள். இரு பக்கமும் ஒரேபோல் தட்டையான வாஷர் என்றால் புதிது கிடைக்கும்வரை புரட்டிப் போட்டு ஓட்டலாம். வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வெளிவிட்டம், உள்விட்டம், தடிமன் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ரப்பரும் சிலிக்கானும் இருந்தால் நான் சிலிக்கானையே எடுப்பேன், குளோரின் கலந்த தண்ணீரில் அதிக நாள் தாங்கும்.

புதியதை மாட்டும் முன் டேங்கின் அடியில் வாஷர் உட்காரும் விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவுங்கள். சொரசொரப்பு என்றால் உப்புப் படிவு, அது இருக்கும்வரை எந்த வாஷரும் நிற்காது. வினிகரில் நனைத்த துணியாலோ பழைய டூத் பிரஷ்ஷாலோ தேய்த்து எடுங்கள். கத்தி, ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், அவை போடும் கீறல் நிரந்தரக் கசிவு. வாஷரில் வாசலினும் தடவாதீர்கள், பலவகை ரப்பரை அது உப்ப வைக்கும். டேங்குக்குள் போடும் ப்ளீச் மாத்திரைகளும் ரப்பரைக் கெடுக்கும்.

கோபுரத்தை மறுபடி வைத்து வலப்பக்கம் ‘டக்’ என்று பூட்டும்வரை திருப்புங்கள். பாதிப் பூட்டில் நின்றால் தண்ணீரில் மிதந்து எழும்பி ஒழுகும்.

5. இன்லெட் வால்வு

முதலில் மட்டம். நிரம்பிய தண்ணீர் ஓவர்ஃப்ளோ வாய்க்கு 2 முதல் 2.5 செ.மீ. கீழே நிற்க வேண்டும். கூடுதலாக இருந்தால் மிதவையின் திருகையோ கிளிப்பையோ வைத்து இறக்குங்கள். மிதவை சுவரிலோ கோபுரத்திலோ உரசுகிறதா என்றும் பாருங்கள், உரசினால் வால்வை லேசாகத் திருப்பி வைத்தாலே சரியாகிவிடும்.

மிதவையைக் கையால் முழுக்க மேலே தூக்கியும் தண்ணீர் நிற்கவில்லையா? உள்ளே தண்ணீரை அடைக்கும் வளையும் ரப்பர் தகடான டயாஃப்ரம் வாஷரில் அழுக்கு. ஆங்கிள் வால்வை மூடி, தலைப்பகுதியைக் கால் சுற்றுத் திருப்பிக் கழற்றுங்கள். பல டயாஃப்ரங்களில் ஊசிமுனை அளவுத் துளை ஒன்று இருக்கும். அதன் வழியே பின்பக்கம் போகும் தண்ணீரின் அழுத்தம்தான் வாஷரை மூட வைக்கிறது. ஒரு மணல் துகள் அதை அடைத்தால் போதும், வால்வு மூடாது. ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். ஊசி விட்டால் துளையைப் பெரிதாக்கிவிடாமல் கவனமாக விடுங்கள். தலை இல்லாத நிலையில் ஒரு கப்பைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு ஆங்கிள் வால்வைச் சில வினாடி திறந்தால் குழாயில் தங்கிய மண்ணும் வந்துவிடும்.

முழு வால்வையும் மாற்றினால் பிளாஸ்டிக் நட்டைக் கையால் இறுக்கி, பிறகு ஸ்பேனரால் கால் சுற்று, அவ்வளவே. பைப் ரிஞ்ச் எடுக்கவே வேண்டாம், பற்கள் நட்டைக் கடித்துக் குதறிவிடும். வளையும் கனெக்‌ஷன் பைப்பின் முனையில் ரப்பர் வாஷர் இருந்தால் அங்கே டெஃப்லான் டேப் சுற்றுவது வீண். அடைப்பது வாஷர், மரை இல்லை.

பிறகு சேர்த்தவை

ராத்திரியில் மட்டும் ஒழுகினால்: நேரடிக் குழாய் இணைப்பில் பயன்பாடு குறைந்த நேரத்தில் அழுத்தம் கூடும். தேய்ந்த டயாஃப்ரம் அப்போது தோற்றுப்போகும். பென்சில் சோதனையை இரவில் செய்யுங்கள்.

டேங்கின் வெளியே ஈரமாக இருந்தால்: முதலில் துடைத்துவிட்டு டிஷ்யூ ஒற்றிப் பாருங்கள். சுவர் முழுக்க வியர்த்தால் அது குளிர்ந்த டேங்கில் படியும் காற்றின் ஈரம், கசிவு இல்லை. ஃப்ளஷ் செய்யும்போது மட்டும் டேங்குக்கும் கோப்பைக்கும் நடுவே சொட்டினால் அங்குள்ள தடித்த ரப்பர் வளையம் போய்விட்டது. டேங்கைத் தூக்கித்தான் மாற்ற வேண்டும். போல்ட்டுகளை மறுபடி இறுக்கும்போது இந்தப் பக்கம் அரைச் சுற்று, அந்தப் பக்கம் அரைச் சுற்று என்று மாறி மாறிப் போங்கள். ஒரே பக்கம் இறுக்கினால் பீங்கான் விரிசல் விடும், அதை ஒட்டிச் சரிசெய்ய முயலாதீர்கள், டேங்கையே மாற்றுங்கள்.

சுவருக்குள் பதித்த டேங்க் என்றால்: பாகங்களின் வேலை இதேதான், ஆனால் பொத்தான் தகட்டின் பின்னாலுள்ள ஜன்னல் வழியே கைவிட வேண்டும். ஒவ்வொன்றையும் கழற்றும் முன் ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய வரிசைக்கு நேர் எதிர் வரிசையில் மாட்டினால்தான் அந்த ஜன்னலில் எல்லாம் உள்ளே போகும்.