மூன்று அளவு தந்தால் ஒரே முக்கோணம்தானா? வரைந்தே பார்த்துவிடலாம்

முக்கோணத்தில் அளக்கக்கூடியவை ஆறு: மூன்று பக்கம், மூன்று கோணம். ஆறையும் சொல்ல வேண்டியதில்லை, சரியான மூன்று போதும் என்று பள்ளியிலேயே படித்திருப்போம். ப-ப-ப, ப-கோ-ப, கோ-ப-கோ (ப என்றால் பக்கம், கோ என்றால் கோணம்) என்று மனப்பாடமும் செய்திருப்போம். ப-ப-கோ, அதாவது இரண்டு பக்கமும் அவற்றுக்கு நடுவில் இல்லாத ஒரு கோணமும், ஏன் அந்தப் பட்டியலில் இல்லை என்று கேட்டால்தான் விழிப்போம். அதற்குக் கவராயத்தை எடுத்து வரைந்து பார்ப்பதுதான் வழி.

ஒரு வெள்ளைத்தாள், ஸ்கேல், கவராயம், பாகைமானி, கூராகச் சீவிய பென்சில். இவ்வளவுதான் வேண்டும். ஒவ்வொரு முறை வரையும்போதும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கடைசி முனை விழுவதற்கு எத்தனை இடம் இருக்கிறது?

படி 1: மூன்று பக்கங்கள்

6, 5, 4 செ.மீ. என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஏபி என்று 6 செ.மீ. கோடு போடுங்கள். ஏ-யில் கவராய முனையை ஊன்றி 5 செ.மீ. ஆரத்தில் ஒரு வில், பி-யில் ஊன்றி 4 செ.மீ. ஆரத்தில் ஒரு வில். இரண்டும் கோட்டுக்கு மேலே ஓரிடத்தில், கீழே ஓரிடத்தில் வெட்டும்.

இரண்டு இடம் வந்துவிட்டதே? தாளை ஏபி கோட்டில் மடித்துப் பாருங்கள். மேல் முக்கோணம் கீழ் முக்கோணத்தின்மேல் அப்படியே உட்காரும். நகர்த்தியோ, திருப்பியோ, கவிழ்த்தோ பொருத்த முடிந்தால் அவை சர்வசமம். நம் கணக்கில் ஒரே முக்கோணம். இனி வரும் எல்லாப் படிகளுக்கும் இதே விதிதான்.

3, 4, 8 கொடுத்தால்? 8 செ.மீ. கோட்டின் இரு முனையிலிருந்தும் போடும் விற்கள் ஒன்றையொன்று தொடவே தொடாது. இரண்டு சிறிய பக்கங்களின் கூடுதல் பெரிய பக்கத்தைத் தாண்ட வேண்டும். தாண்டினால் முக்கோணம் உண்டு, அதுவும் ஒன்றே ஒன்று.

படி 2: இரண்டு பக்கங்களும் நடுக்கோணமும்

இதில் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கோணம் வரைந்து, அதன் இரு கைகளிலும் அளவைக் குறித்து, இரண்டு புள்ளிகளையும் சேர்த்தால் முடிந்தது. 'நடு' என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

படி 3: இரண்டு கோணங்களும் ஒரு பக்கமும்

பக்கத்தை வரைந்து, இரு முனைகளிலும் கோணம் எடுத்துக் கதிர்களை நீட்டினால், இரண்டு கோணங்களின் கூடுதல் 180 பாகைக்குள் இருக்கும்வரை கதிர்கள் ஓரிடத்தில் சந்திக்கும். அந்த ஓரிடமே கடைசி முனை. இந்தியாவின் பெரும் முக்கோணவியல் நில அளவை இதை வைத்துத்தான் நடந்தது. 1802இல் வில்லியம் லாம்டன் சென்னையில் பரங்கிமலைப் பக்கம் ஏறத்தாழ 12 கி.மீ. நீள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளந்தார். அதன்மேல் அடுக்கிக்கொண்டே போன முக்கோணங்களில் பக்கங்களைத் தரையில் அளக்கவில்லை. தியோடலைட்டால் கோணங்களை அளந்து, பக்கங்களைக் கணக்கிட்டார்கள்.

கோணங்கள் பக்கத்தின் இரு முனைகளில் இல்லாவிட்டாலும் கவலையில்லை. மூன்றாவது கோணத்தை 180-லிருந்து கழித்துப் பெறலாம். ஆனால் அந்தப் பக்கம் எந்தக் கோணத்துக்கு எதிரே இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். 'கோணங்கள் 40, 60. ஒரு பக்கம் 6 செ.மீ.' என்று மொட்டையாகச் சொன்னால், அந்த 6 செ.மீ. 40-க்கு எதிரே, 60-க்கு எதிரே, 80-க்கு எதிரே என மூன்று வெவ்வேறு முக்கோணங்கள் கிடைக்கும்.

படி 4: மூன்று கோணங்கள் மட்டும்

ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கும் சிறிய மூலைமட்டத்திலும், கரும்பலகையில் ஆசிரியர் பிடிக்கும் பெரிய மூலைமட்டத்திலும் 30, 60, 90 பாகைதான். கோணங்கள் வடிவத்தைச் சொல்லும், அளவைச் சொல்லாது. தவிர, இரண்டு கோணம் தெரிந்தால் மூன்றாவது தானாக வந்துவிடுவதால், உண்மையில் நம் கையில் இருப்பவை இரண்டு தகவல்களே.

படி 5: ப-ப-கோ, இங்கேதான் விளையாட்டு

ஏ-யிலிருந்து வலப்பக்கமாகத் தாளின் ஓரம்வரை ஒரு கதிர் போடுங்கள். ஏ-யில் 30 பாகை எடுத்து மேலே ஒரு கோடு வரைந்து, அதில் ஏபி = 8 செ.மீ. குறியுங்கள். சி முனை கீழே உள்ள கதிரில் எங்கோ இருக்கிறது. பிசி-யின் நீளம் மட்டும் தெரியும். பி-யில் கவராயத்தை ஊன்றி, ஆரத்தை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள்.

3 செ.மீ. வைத்தால் வில் கதிரை எட்டாது. முக்கோணமே இல்லை.

4 செ.மீ. வைத்தால் கதிரைத் தொட்டுவிட்டு மேலேறிவிடும். பி-யிலிருந்து கதிருக்குச் செங்குத்துத் தூரம் சரியாக 4 என்பதால், சி-யில் செங்கோணம் உள்ள ஒரே முக்கோணம் கிடைக்கும்.

5 செ.மீ. வைத்தால் வில் கதிரை இரண்டு இடத்தில் வெட்டும். ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள்: ஏ-யிலிருந்து ஏறத்தாழ 3.93 செ.மீ.யில் ஒன்று, 9.93 செ.மீ.யில் இன்னொன்று. கொடுத்த மூன்று அளவுகளும் இரண்டுக்கும் பொருந்தும். ஆனால் ஒன்று குட்டை, ஒன்று நீளம். எப்படிக் கவிழ்த்தாலும் பொருந்தாது. சி-யில் உள்ள கோணம் ஒன்றில் சுமார் 126.87 பாகை, மற்றதில் 53.13 பாகை. சைன் சூத்திரம் போட்டுக் கால்குலேட்டரில் தட்டினால் 53.13 மட்டும்தான் வரும். 180-லிருந்து அதைக் கழித்தால் வரும் இன்னொரு விடையை அது சொல்லாது, நாம்தான் நினைவு வைத்துக்கொள்ள வேண்டும்.

8 செ.மீ.க்கு வந்தால் ஒரு வெட்டு ஏ-யின் மேலேயே விழுந்துவிடும். மிச்சம் ஒன்று, இருசமபக்க முக்கோணம். 8-ஐத் தாண்டினால் ஒரு வெட்டு ஏ-க்குப் பின்னால் போய்விடும், கதிரில் ஒன்றுதான் நிற்கும்.

ஆக, ப-ப-கோ எப்போதும் தவறு என்றில்லை. கோணத்துக்கு எதிரே உள்ள பக்கம் மற்றப் பக்கத்துக்குச் சமமாகவோ பெரிதாகவோ இருந்தால் ஒரே முக்கோணம்தான். செங்கோணம்-கர்ணம்-பக்கம் என்று தனி விதியாகப் படிப்பது இதன் ஒரு வகையே. கர்ணம் செங்கோணத்துக்கு எதிரே இருக்கும், எப்போதும் பெரிதாகவும் இருக்கும். அதனால் அங்கே குழப்பத்துக்கு வழியில்லை.

படி 6: மூன்றுக்கு மேலே தந்தாலும் ஏமாறலாம்

ஒரு முக்கோணத்தின் பக்கங்கள் 8, 12, 18. இன்னொன்றின் பக்கங்கள் 12, 18, 27. முதலாவதை ஒன்றரை மடங்கு பெரிதாக்கினால் இரண்டாவது வரும், எனவே மூன்று கோணங்களும் சமம். 12, 18 என்ற இரண்டு பக்கங்களும் இரண்டிலும் இருக்கின்றன. ஆறில் ஐந்து பொருந்தியும் இவை சர்வசமம் இல்லை! பொருந்தும் பக்கங்கள் ஒத்த இடத்தில் இல்லை என்பதுதான் காரணம்.

படி 7: மனை அளக்கும்போது

இப்போது நாற்கரத்துக்கு வருவோம். கிழமேல் இருபுறமும் 40 அடி, தென்வடல் இருபுறமும் 30 அடி என்று ஒரு மனைக்கு நான்கு பக்க அளவு மட்டும் இருந்தால் 1,200 சதுர அடி என்று பெருக்கிவிடுகிறோம். மூலை செங்கோணமாக இருந்தால்தான் அது சரி. அதே நான்கு பக்கங்களோடு மூலை 60 பாகைக்குச் சாய்ந்திருந்தால் பரப்பு சுமார் 1,039 சதுர அடிதான். நான்கு பக்கம் ஒரு நாற்கரத்தைப் பிடித்து நிறுத்தாது, சாய்ந்துகொண்டே போகும்.

டேப்பை எடுத்து ஒரு மூலைவிட்டத்தை அளந்துவிடுங்கள். மனை இரண்டு முக்கோணமாகப் பிரிந்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று பக்கமும் தெரிந்துவிடும். படி 1 மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். மேலே சொன்ன மனையில் அது 50 அடி இருந்தால் மூலை செங்கோணம், 1,200 சதுர அடியும் சரி. கூடினாலோ குறைந்தாலோ மனை சாய்ந்திருக்கிறது, பரப்பு 1,200-க்குக் குறைவு.