முனைப்புள்ளிகளும் முனைத்திசைகளும்: கணக்கிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நேரியல் சமனிலிகளுக்கு உட்பட்ட புள்ளிகளின் தொகுப்பே பன்முகக் கணம். அதன் வேறிரு புள்ளிகளுக்கு இடையில் அமையாத புள்ளி முனைப்புள்ளி; கணம் முடிவின்றி நீளும் திசைகளுள், வேறிரு திசைகளின் கூட்டலாக எழுத முடியாதது முனைத்திசை. நேரியல் திட்டமிடலில் இப்படி ஒரு கணத்தைக் கொடுத்து அதன் முனைப்புள்ளிகளையும் முனைத்திசைகளையும் காணச் சொன்னால், பலர் உடனே வரைபடம் வரைந்து, மூலையாகத் தெரிவனவற்றைப் புள்ளிகள் என்றும் முடிவின்றி நீள்வனவற்றைத் திசைகள் என்றும் எழுதிவிடுகிறார்கள். மாறிகள் இரண்டே இருக்கும்வரை இது ஓரளவு கைகொடுக்கும். ஆனால் ஒரு புள்ளி முனைப்புள்ளியா என்பதை அங்கே எந்தெந்தக் கட்டுப்பாடுகள் சமன்பாடாக இறுகி நிற்கின்றன என்பதே தீர்மானிக்கிறது. திசையைத் தீர்மானிப்பதோ வலப்பக்க எண்களை நீக்கிய வேறொரு தொகுதி. இந்த இரண்டு கணக்குகளையும் ஒன்றாகக் கலப்பதிலிருந்தே பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க ஒரு கணத்தை எடுத்துக்கொள்வோம். க, ச என்பன இரு மாறிகள். −க + ச ≤ 2, க − 2ச ≤ 2, க ≥ 0, ச ≥ 0 என்பன கட்டுப்பாடுகள். இந்த நான்கையும் சமன்பாடுகளாக்கி, இரண்டிரண்டாக எடுத்தால் ஆறு வெட்டுப்புள்ளிகள் கிடைக்கும்: (0, 0), (2, 0), (0, 2), (−2, 0), (0, −1), (−6, −4). முதல் தவறு, இந்த ஆறையும் விடையாக எழுதுவது. வெட்டுப்புள்ளி ஒவ்வொன்றையும் எஞ்சிய கட்டுப்பாடுகளில் இட்டுச் சரிபார்க்க வேண்டும். அப்படிச் செய்தால் முதல் மூன்று மட்டுமே தேறும். மற்ற மூன்றும் அடிப்படைத் தீர்வுகள்தாம் (அதாவது சமன்பாடுகளின் வெட்டுப்புள்ளிகள்தாம்), ஆனால் எல்லாக் கட்டுப்பாடுகளையும் நிறைவேற்றும் ஏற்புடையவை அல்ல.

இரண்டாவது தவறு முப்பரிமாணத்தில்தான் வெளிப்படுகிறது. மூன்று மாறிகள் இருந்தால் மூன்று கட்டுப்பாடுகள் இறுகி நின்றால் போதும் என்று எண்ணிவிடுகிறார்கள். க ≥ 0, ச ≥ 0, க + ச ≥ 0 ஆகியவற்றுடன் த ≥ 0 என்பதையும் சேர்த்துப் பாருங்கள். (0, 0, 5) என்ற புள்ளியில் முதல் மூன்றும் இறுகி நிற்கின்றன. ஆயினும் அது (0, 0, 4), (0, 0, 6) ஆகிய இரண்டின் நடுப்புள்ளி என்பதால் முனைப்புள்ளி ஆகாது. மூன்றாவது சமன்பாடு முதல் இரண்டின் கூட்டலே. எனவே குணக அணியின் தரம், அதாவது ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பெற முடியாத சமன்பாடுகளின் எண்ணிக்கை, 3 அன்று, 2 மட்டுமே. இறுகி நிற்கும் கட்டுப்பாடுகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் போதாது. அவற்றின் தரம் மாறிகளின் எண்ணிக்கைக்குச் சமமாக வேண்டும். சமன்பாடாகவே கொடுக்கப்பட்ட கட்டுப்பாடுகள் எப்போதும் இறுகியவை என்பதையும் இந்தக் கணக்கில் மறந்துவிடக் கூடாது.

எதிர்த்திசையிலும் ஒரு தவறு உண்டு. நம் கணத்தில் −2க + ச ≤ 2 என்பதைச் சேர்த்தால் கணம் சிறிதும் மாறாது. ஆனால் (0, 2) என்ற புள்ளியில் இப்போது மூன்று கோடுகள் சந்திக்கின்றன. பத்து இணைகளில் ஐந்து ஏற்புடைய விடை தருகின்றன, அவற்றுள் மூன்று தருவது அதே (0, 2) தான். அடிமானங்களை (ஏற்புடைய விடை தரும் இணைகளை) எண்ணி, முனைப்புள்ளிகள் ஐந்து என்று எழுதுவது பிழை. இதைச் சிதைவு என்பார்கள். தேவையற்ற கட்டுப்பாட்டை நீக்கினால் சிதைவும் நீங்கிவிடும் என்று சொல்வதும் எப்போதும் பொருந்தாது: சதுர அடித்தளம் கொண்ட பிரமிடின் உச்சியில் நான்கு முகங்கள் கூடுகின்றன, அவற்றுள் ஒன்றையும் நீக்க முடியாது.

முனைப்புள்ளி கட்டாயம் இருக்கும் என்று எதிர்பார்ப்பதும் சரியன்று. குறியில் தடையில்லாத இரு மாறிகளுக்கு க + ச ≤ 1 என்ற அரைத்தளத்தில் முனைப்புள்ளி எதுவும் இல்லை. வெற்றுக்கணமல்லாத ஒரு பன்முகக் கணத்தில் முழு நேர்கோடு ஒன்றுகூட அடங்கவில்லை என்றால்தான் முனைப்புள்ளி இருக்கும். மாறிகள் யாவும் குறையற்றவை, அதாவது 0 அல்லது அதற்கு மேற்பட்டவை என்ற நிபந்தனை இருந்தால் இந்தக் கவலை இல்லை. ஆனால் தடையற்ற மாறி ஒவ்வொன்றையும் இரு குறையற்ற மாறிகளின் வேறுபாடாகப் பிரித்து எழுதும்போது நுட்பமான ஒரு பொறி ஒளிந்திருக்கிறது: பிரித்தபின் கிடைக்கும் பெரிய கணத்தில் ஆதி ஒரு முனைப்புள்ளியாகிவிடும், மூலக் கணத்திலோ (0, 0) உட்புறத்தில் கிடக்கும் சாதாரணப் புள்ளி. பிரித்த கணத்தின் முனைப்புள்ளிகளை அப்படியே மூலக் கணத்தின் முனைப்புள்ளிகளாகக் கொள்ளக் கூடாது.

இனி திசைகள். மதிப்பெண்கள் அதிகம் பறிபோவது இங்கேதான் என்பது என் கருத்து. கணத்தின் எந்தப் புள்ளியிலிருந்து புறப்பட்டாலும், எவ்வளவு தொலைவு சென்றாலும் கணத்தைவிட்டு வெளியேறாதபடி அமையும் பூச்சியமல்லாத வெக்டரே திசை. ஆகவே திசையைக் காணும்போது கட்டுப்பாடுகளின் வலப்பக்கம் முழுவதும் 0 ஆக வேண்டும்: −க + ச ≤ 0, க − 2ச ≤ 0, க ≥ 0, ச ≥ 0. பழைய 2 என்ற எண்ணை அப்படியே விட்டுவைத்தால் (0, 1) என்ற வெக்டரும் −0 + 1 ≤ 2 என்று தேறிவிடும். ஆனால் (0, 2) இலிருந்து அந்த வழியில் ஓரடி வைத்தாலே (0, 3) என்ற ஏற்பில்லாத புள்ளியில் போய் நிற்போம்.

சரியான தொகுதியைச் சுருக்கினால் ச ≤ க ≤ 2ச என்றாகும். இதன் இரு விளிம்புகளான (1, 1), (2, 1) ஆகியவையே முனைத்திசைகள். (3, 2) என்பதும் திசைதான், ஆனால் அது முன்னிரண்டின் கூட்டல், முனைத்திசை அன்று. (4, 2) என்பதை மூன்றாவது முனைத்திசையாக எழுதுவோரும் உண்டு. நேர் எண்ணால் பெருக்கிக் கிடைக்கும் வெக்டர் புதிய திசை ஆகாது. இந்த மயக்கத்தைத் தவிர்க்கவே கூறுகளின் கூடுதல் 1 என்று ஒரு சமன்பாட்டைச் சேர்ப்பது வழக்கம். அப்போது (1/2, 1/2), (2/3, 1/3) என்று விடை தெளிவாகும். ஆனால் மாறிகள் குறையற்றவையாக இருக்கும்போதுதான் இந்த உத்தி செல்லும். தடையற்ற மாறிகள் இருந்தால் (−1, 1) போன்ற திசையின் கூடுதல் 0 என்பதால் அது கண்ணில் படாமலேயே நழுவிவிடும். மேலும், கணத்தின் விளிம்பு எல்லாம் திசை தருவதில்லை. (0, 0) இலிருந்து (2, 0) வரை செல்லும் விளிம்பு அங்கேயே முடிகிறது. (1, 0) திசை அன்று.

முனைப்புள்ளியிலிருந்து முனைப்புள்ளிக்கு நகர்ந்து தீர்வு தேடும் சிம்ப்ளெக்ஸ் முறையின் அட்டவணையிலிருந்து திசையை எடுக்கும்போது குறியில் ஏற்படும் பிழை மிகுதி. முதல் இரு சமனிலிகளையும் சமன்பாடாக்க ப, ம என்ற தளர்வு மாறிகளைச் சேர்த்து (−க + ச + ப = 2, க − 2ச + ம = 2), (2, 0) இல் க, ப ஆகியவற்றை அடிப்படை மாறிகளாக, அதாவது மற்றவற்றை 0 ஆக்கித் தீர்க்கப்படுபவையாகக் கொண்டால், ச என்பதன் நிரல் (−2, −1) என்று வரும். நிரலில் நேர் எண் எதுவும் இல்லை என்பது இங்கே ஒரு முனைத்திசை உண்டு என்பதற்கான அடையாளம். ஆனால் நிரலே திசையாகிவிடாது. அதன் குறியை மாற்றி அடிப்படை மாறிகளின் இடங்களில் இட வேண்டும். நுழையும் மாறியான ச என்பதற்கு 1, மற்றதற்கு 0. க, ச, ப, ம என்ற வரிசையில் (2, 1, 1, 0) கிடைக்கும். தளர்வு மாறிகளை நீக்கினால் (2, 1). நிரலையே திசையாக எழுதியவருக்கு (−2, −1) என்று வரும், அந்த வழியில் சென்றால் உடனே ச குறை எண்ணாகிவிடும்.

கணத்தின் ஒரு புள்ளியை இவற்றின் சேர்க்கையாக எழுதும்போது, முனைப்புள்ளிகளின் எடைகள் குறையற்றவையாகவும் கூடுதல் 1 ஆகவும் இருக்க வேண்டும். திசைகளின் எடைகளுக்குக் குறையற்றவை என்பது மட்டுமே நிபந்தனை. (10, 7) என்பது (0, 0) உடன் 4(1, 1), 3(2, 1) சேர்ந்தது. திசை எடைகளின் கூடுதல் 7, அதில் தவறில்லை. அதே புள்ளியை (2, 0) இலிருந்து 6(1, 1), 1(2, 1) என்றும் அடையலாம். இருவருடைய விடைகள் வேறுபட்டால் ஒன்று தவறாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட முடியாது.

எல்லா இணைகளையும் எழுதித் தேடும் முறை சிறு கணக்குகளுக்கே பொருந்தும். 20 மாறிகள் கொண்ட, ஒவ்வொன்றும் 0 க்கும் 1 க்கும் இடையில் அமைந்த கனசதுரத்தை 40 சமனிலிகளில் எழுதிவிடலாம். அதன் முனைப்புள்ளிகளோ 10,48,576.

கணம் வரம்பற்றது என்பதாலேயே உகந்த தீர்வு இல்லை என்று முடிவு கட்டுவது இன்னொரு தவறு. சிறுமமாக்கும் கணக்கில், முனைத்திசை ஒவ்வொன்றிலும் குறிக்கோள் சார்பின் (சிறுமமாக்க வேண்டிய கோவையின்) மதிப்பு 0 அல்லது அதற்கு மேல் இருந்தால் உகந்த தீர்வு உண்டு. நம் கணத்தில் −க + ச என்பது (2, 1) இல் −1 ஆகிறது, ஆகவே அதைச் சிறுமமாக்க முயன்றால் மதிப்பு எல்லையின்றி இறங்கும். −க + 2ச என்பதோ (1, 1) இல் 1, (2, 1) இல் 0. எனவே மூன்று முனைப்புள்ளிகளிலும் மதிப்பைப் பார்த்தால் போதும்: (0, 0) இல் 0, (0, 2) இல் 4, (2, 0) இல் −2. சிறும மதிப்பு −2. ஆனால் விடையை (2, 0) என்று மட்டும் எழுதி நிறுத்தினால் அது பாதி விடை, ஏனெனில் அங்கிருந்து (2, 1) திசையில் செல்லும் கதிரின் எல்லாப் புள்ளிகளும் அதே மதிப்பைத் தருகின்றன.